கல்யாண் கடை லைனில் இருக்கிறது

நயினார்: அந்தச் சந்தனக் கிண்ணத்த எடு தம்பி. இந்த இன்டர்நெட் டப்பாவுக்கு நெத்தி எந்தப் பக்கம்?

ஆதித்யன்: நெத்தியெல்லாம் கிடையாது அண்ணாச்சி. நீங்க காட்டறது காத்துப் போற ஓட்டை. அதுல பூசினா உள்ள சூடாயிடும்.

நயினார்: சந்தனம் குளிர்ச்சிதானவே.

ஆதித்யன்: மேல வெச்சுடலாம். ஒரே ஒரு பொட்டு. குங்குமமும் மேலயே இருக்கட்டும்.

நயினார்: மாலை?

ஆதித்யன்: அண்ணாச்சி... டப்பா உள்ளங்கை அகலம்தான் இருக்கு. இது ஆள் உயர மாலை.

நயினார்: மாட்டுங்கா பூக்கடைல சொல்லிக் கட்டுனது. சரி, வாங்குனத வீணாக்கக் கூடாது. நானே போட்டுக்கிடுதேன். திறப்பு விழான்னா குழுமத் தலைவர் கழுத்துல ஒண்ணு கிடக்கணும்லா.

ஆதித்யன்: திறப்பு விழான்னு சொல்லாதீங்க. இது ட்ரையல்தான். இந்தத் தாராவிக் கடைல ஒரு டப்பா, கல்யாண் கடைல ஒரு டப்பா. அங்க நேத்தே மாட்டிட்டு வந்துட்டேன். ரெண்டும் ஒழுங்கா ஓடினா மாட்டுங்கா, செம்பூர், தாணே மூணுக்கும் போடலாம்.

நயினார்: ஓடலேன்னா?

ஆதித்யன்: ஓடும்.

நயினார்: ஓடலேன்னா கல்யாண் கடைய மூடிருவேன். போன வாரமே கூட்டத்துல அறிவிச்சாச்சு. எங்கொழுந்தியா தங்கமயிலுதான் அங்க பொறுப்பு. தினமும் காலைல லைன் போவுது, பில்லு நிக்கி. அப்பளம், நல்லெண்ணெய், காப்பித்தூளு எல்லாத்தயும் அள்ளித் தாணே கடைல இறக்கிருவேன். அவளும் தாணேல இசக்கிராஜுக்குக் கீழ நின்னு பொட்டணம் மடிக்கட்டும்.

ஆதித்யன்: அந்தக் கடைய அவங்கதான் உண்டாக்கினதா நேத்து சொன்னாங்களே. ஷட்டர் கூட இல்லாத காலத்துல தார்ப்பாயக் கட்டிண்டு...

நயினார்: உண்டாக்குனது அவ. அறிவிச்சது நான்.

ஆதித்யன்: இன்னிக்கு அங்க லைன் நின்னுதுன்னா?

நயினார்: கடை போச்சு. நிக்காம ஓடிச்சுன்னா இருக்கட்டும்னு சொல்லுவேன். அவ தலையெழுத்து இப்போ உன் டப்பாக்குள்ள இருக்கு. அது பேரு என்ன சொன்ன?

ஆதித்யன்: எஸ்டி-வான்.

நயினார்: ஆங். உள்ள என்னதான் இருக்குன்னு இன்னொரு தடவ சொல்லு. காலைக் கூட்டத்து உரைல நான் வெளக்கணும்.

ஆதித்யன்: இதுவரைக்கும் கடைக்கு ஒரு லைன்தான். கேபிள்காரன் இழுத்துவிட்ட ஒயர். எவனாவது சாக்கடைக்குத் தோண்டினா அறுந்துடும். பில் போடற சாஃப்ட்வேர் இங்க தாராவில உக்காந்திருக்கு. லைன் அறுந்தா அங்க கடைக்குக் கண்ணு தெரியாது.

நயினார்: சரி.

ஆதித்யன்: இப்ப ஒவ்வொரு கடைக்கும் பல வழி. கேபிள் லைன், வேற கம்பெனி லைன், போறாத்துக்கு டப்பாக்குள்ளயே சிம் கார்டு. எந்த வழி நன்னா இருக்குன்னு இது பாத்துண்டே இருக்கும். ஒண்ணு படுத்துதுன்னா அடுத்ததுக்குத் தானே தாவிடும். மனுஷா கை வைக்க வேண்டாம்.

நயினார்: லோக்கல் டிரெயின் மாறுத மாதிரி.

ஆதித்யன்: அதேதான். தாதர்லேர்ந்து குர்லா போகணும், சென்ட்ரல் லைன் வண்டி நின்னுடுத்துன்னு வெச்சுக்கோங்க. நாம என்ன பண்ணுவோம்? பிளாட்பாரத்துல நின்னு ரயில்வேய திட்டிண்டு இருப்போம். இது அதுக்குள்ள வடாலாக்குப் போய் ஹார்பர் லைன் வண்டியப் பிடிச்சு குர்லால இறங்கி டீ குடிச்சிண்டிருக்கும். உள்ள உக்காந்திருக்கறவனுக்கு வண்டி மாறினதே தெரியாது.

நயினார்: உக்காந்திருக்கவன்ங்கியே, சீட்டு கெடைக்குமா?

ஆதித்யன்: நல்ல கேள்வி அண்ணாச்சி.

நயினார்: என் கேள்வியெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

ஆதித்யன்: யாருக்கு சீட்டு, யார் தொங்கிண்டு வரணும்னு நாம இங்க உக்காந்துண்டே சொல்லிடலாம். அஞ்சு கடைக்கும் ஒரே திரைதான். நான் பில்லுக்கு முதல் சீட்டு குடுத்திருக்கேன். அடுத்தது யுபிஐ. கேமரா, வீடியோ எல்லாம் கடைசி.

நயினார்: காலைக் கூட்டம் எதுல வருது?

ஆதித்யன்: அது... வீடியோ.

நயினார்: தலைவர் உரை வாசல்ல தொங்கிக்கிட்டு வரணும்ங்கியா?

ஆதித்யன்: பில் நின்னா வியாபாரம் நிக்கும் அண்ணாச்சி.

நயினார்: உரை நின்னா?

ஆதித்யன்: உரை நின்னா... நாளைக்குப் பேசிக்கலாம்.

நயினார்: நாளைக்கா?

ஆதித்யன்: சரி. உரைக்கும் ஜன்னல் சீட்டு போட்டுடறேன்.

நயினார்: பில்லுக்கு முன்னாடி ஜன்னலா, பின்னாடி ஜன்னலா?

ஆதித்யன்: எதிரெதிர் ஜன்னல்.

நயினார்: அப்படிச் சொல்லு. ஒனக்கு முன்னால ஒருத்தன் டை கட்டிக்கிட்டு வந்தான். அஞ்சு கடைக்கும் தனி லைனு, எவனும் உள்ள வர முடியாது, தங்கச் சாலைன்னான். அவன் கேட்ட வாடகைக்கு முலுண்ட்ல இன்னொரு கடை பிடிக்கலாம்.

ஆதித்யன்: அது பேங்குக்கெல்லாம் போடற தனிக் குழாய். நமக்கு எதுக்கு? இது ஊர்ல கிடைக்கற சாதா லைனையே எடுத்துண்டு, உள்ள போறதுக்கெல்லாம் பூட்டுப் போட்டு அனுப்பறது. நடுவுல எவனும் திறந்து பாக்க முடியாது. நாளைக்கு முலுண்ட்ல கடை போட்டேள்னாலும் ஒரு டப்பாவக் குடுத்து அனுப்பினா போறும். சாயங்காலமே பில் போடலாம்.

நயினார்: இதெல்லாம் நான் முன்னாடியே யோசிச்சதுதான். சொல்லத்தான் ஆளில்ல. சரி, கல்யாணக் கூப்பிடு. நேரமாச்சு.

ஆதித்யன்: கூப்பிட்டுட்டேன். வராங்க.

தங்கமயில்: வணக்கம் அத்தான். இதென்ன மாலையும் கழுத்துமா... பொண்ணு பாத்தாச்சா?

நயினார்: திறப்பு விழா மயிலு.

தங்கமயில்: அக்காவுக்குத் தெரியுமா?

நயினார்: தலைவரு ஒரு முடிவெடுத்தா யாருகிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டாரு.

தங்கமயில்: அதுஞ்சரிதான். ஆதித்யன் தம்பி, சாப்பிட்டாச்சா? நேத்து ஒரு காப்பியோட ஓடிட்டிய.

ஆதித்யன்: ஆச்சு. உங்க முகம் பளிச்சுன்னு தெரியறது. சத்தம் கேக்கறதா?

தங்கமயில்: பக்கத்துல நின்னு பேசுத மாதிரி இருக்கு. அத்தான் மூச்சு விடுதது கூடக் கேக்கு.

நயினார்: மத்த கடைக்காரங்க எங்க?

ஆதித்யன்: அவங்களுக்கு இன்னும் டப்பா போடலையே. இன்னிக்குக் கல்யாண் மட்டும்தான்.

நயினார்: ஒருத்திக்கா நான் உரையாத்தணும்?

தங்கமயில்: வேணா நாளைக்கு வெச்சுக்கிடலாமே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

நயினார்: இல்ல இல்ல. தயார் பண்ணிட்டேன். ம்... குழுமத்தின் மதிப்பிற்குரிய கிளைப் பொறுப்பாளர்களே.

தங்கமயில்: ஒருத்திதான் இருக்கேன்.

நயினார்: பன்மைலயே பழகிட்டேன், குறுக்க வராத. கிளைப் பொறுப்பாளர்களே. இன்று நம் குழுமத்தின் வரலாற்றில் பொன்னான நாள். இணைப்பு என்றால் என்ன? கிளைக்கும் தலைமைக்கும் உள்ள உறவே இணைப்பு. தலைமை பேசினால் கிளை கேட்க வேண்டும். கிளை கேட்டால் தலைமை... தலைமை மீண்டும் பேச வேண்டும்.

தங்கமயில்: அத்தான், வாசல்ல டெம்போ வந்து நிக்கி. முறுக்கு டின்னு இறக்கணும்.

நயினார்: டெம்போ நிக்கட்டும். தாதரில் ரயில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்வோம்? இதை நான் பல ஆண்டுகளாகச் சிந்தித்து வருகிறேன். வடாலாவிற்குச் செல்வோம். ஏன் செல்கிறோம்? ஏனென்றால் நமக்கு இணைப்பு முக்கியம். இணைப்பின் பயன்களைப் பத்துத் தலைப்புகளில் பார்க்கலாம். முதல் தலைப்பு, தலைமையின் தொலைநோக்கு.

தங்கமயில்: அத்... கேக்க... என்னமோ... லை...

நயினார்: மயிலு?

தங்கமயில்: ...போ... அத்தா...

நயினார்: பாத்தியாவே. பாத்தியா. தினமும் இதேதான். டப்பா மாட்டியும் போயிட்டு. கல்யாண் கத முடிஞ்சுது.

ஆதித்யன்: ஒரு நிமிஷம் அண்ணாச்சி. கல்யாண்ல கேபிள் லைன் சிவப்பாயிடுத்து. ரெண்டாவது லைனும் சிவப்பு. இதோ... சிம்முக்குத் தாவிடுத்து. பச்சை.

நயினார்: மொகம் தெரியலையே. இருட்டா கிடக்கு.

ஆதித்யன்: கேமரா மேல ஏதோ துண்டு விழுந்திருக்கு போல. லைன் போகல. சத்தம் வரது, கேளுங்க.

தங்கமயில்: புடுங்கியாச்சு செல்வி. ரெண்டு ஒயரயும் புடுங்கிட்டேன். அப்பாடா. வா, டின்ன இறக்குவோம்.

நயினார்: புடுங்கியாச்சா? எத?

ஆதித்யன்: ஒயரைன்னு நினைக்கறேன்.

நயினார்: செல்வி யாரு?

ஆதித்யன்: இசக்கிசெல்வின்னு ஒரு பொண்ணு. நேத்து பாத்தேன், கவுண்டர்ல நிக்கறா. அண்ணாச்சி, நீங்க பேசினா அங்க கேக்கும். சொல்லிடட்டுமா லைன் இருக்குன்னு?

நயினார்: வாயத் தொறக்காத. அந்த மைக்க மூடு. என்னதான் சொல்லுதான்னு கேப்போம்.

ஆதித்யன்: மூடியாச்சு.

தங்கமயில்: இந்நேரம் முதல் தலைப்புல இருப்பாரு. தொலைநோக்கு. சிரிக்காத, ஏட்டி, டின்னு விழுந்துரும்.

நயினார்: இம்புட்டுச் சத்தமாவா சிரிக்கும் அந்தப் புள்ள?

தங்கமயில்: நான் என்ன செய்ய சொல்லு. காலைல ஸ்டேஷனுக்கு ஓடுத சனம் நம்ம வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கும். தோசமாவு குடு, காப்பித்தூளு குடு, ஜல்தின்னு கத்தும். அந்த நேரம் பாத்து நாம அத்தன பேரும் கையக் கட்டிக்கிட்டு 'இணைப்பு என்றால் என்ன'ன்னு நிக்கணும். நின்னா வியாபாரம் போச்சு. நிக்கலேன்னா மரியாதை போச்சு. அதான் லைனப் புடுங்கிட்டு பில்லக் கைச்சீட்டுல எழுதுதேன். லைன் போனா யாரு மரியாதையும் போவாதுல்லா.

ஆதித்யன்: அண்ணாச்சி...

நயினார்: ம்.

ஆதித்யன்: அங்க ஒரு பில் விழறது. தோசமாவு, கொத்தமல்லி. இதோ, திரையில.

நயினார்: ஒயரத்தான் புடுங்கிட்டாளே.

ஆதித்யன்: அதைத்தான் சொல்றேன். இன்னொண்ணு. இன்னும் ஒண்ணு. காப்பித்தூள் அரைக் கிலோ. யுபிஐலயே வந்துடுத்து. நிக்கவே இல்ல.

நயினார்: நல்லதுதான். பேசாம இரு, அவ ஏதோ சொல்லுதா.

தங்கமயில்: ...இல்லட்டி, அவரு கெட்டவரு இல்ல. நான் அப்படியா சொன்னேன்? இந்தக் கடைக்கு மொதல் சரக்கு அவருதான் கடனா... சரி அத விடு. தீவாளிக்கு முன்ன எனக்குக் காச்சல்னதும் தாணேலருந்து இசக்கிராஜ அனுப்பாம, தானே வந்து ரெண்டு நாளு கல்லால உக்காந்தாரு. தங்கமான மனுசன். உரைய மட்டும் எடுத்துட்டா இன்னும் தங்கம்.

ஆதித்யன்: நல்லபடியாத்தான் சொல்றாங்க.

நயினார்: கேக்கு, கேக்கு.

தங்கமயில்: ஆனா லைனு போவுதுன்னு கடைய மூடச் சொன்னாரே, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. புடுங்குனது நானு. பழி கடைக்கு. தாணேல போயி இசக்கிராஜுக்குப் பொட்டணம் மடிக்கவா இத்தன வருஷம்... நேரா சொல்லலாம்லங்கியா? ஏட்டி, எத்தன தடவ. கூட்டம் முடியப்போவ 'யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா'ன்னு கேப்பாரு. நானும் 'அத்தான்'னு ஆரம்பிப்பேன். அந்த ஒரு வார்த்ததான். தாராவில லைன் போயிரும். பாவம், அங்க லைன் அப்படி. அவரு மொகம் வாயத் தொறந்தபடி அப்படியே நிக்கும்.

ஆதித்யன்: இங்கயும் போகுமா அண்ணாச்சி? எங்கிட்ட சொல்லவே இல்லையே. கேபிள்காரன்ட்ட நான் பேசறேன்.

நயினார்: நீ யாருகிட்டயும் பேச வேண்டாம். மைக்கத் தொற.

ஆதித்யன்: தொறந்தாச்சு.

நயினார்: மயிலு. கேக்கு.

தங்கமயில்: அத்தானா?

நயினார்: ஒயரப் புடுங்குனாலும் போவாதாம் இந்த லைனு.

தங்கமயில்: எதுலருந்து கேட்டிய?

நயினார்: டின்னு எறக்குனதுலருந்து.

தங்கமயில்: ஐயோ... துண்ட எடுத்துருதேன். தெரியுதா மொகம்?

நயினார்: தெரியுது. வேர்த்திருக்கு.

தங்கமயில்: டின்னு தூக்குனது.

நயினார்: நான் கோவப்படல மயிலு. ஒரு தலைவருக்குக் கோவம் ஆகாது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஒரு நிறுவனத்துக்கு அச்சாணி எது? வாய்மை. லைன் இருக்கும்போதே லைன் இல்லன்னு சொல்லுதது, நல்ல ஒயரப் புடுங்கிட்டுப் பழியக் கேபிள்காரன் மேல போடுதது... ஒரு பொறுப்புல இருக்கவங்க செய்யுத காரியமா அது?

தங்கமயில்: தப்புதான் அத்தான்.

நயினார்: நாளைக்கு இத மத்த கடைக்காரங்க பழகிக்கிட்டா?

தங்கமயில்: அவங்க ஏற்கனவே...

நயினார்: என்ன?

தங்கமயில்: ஒண்ணுமில்ல. தப்புதான்.

நயினார்: தலைமைகிட்ட ஒளிவு மறைவு இருக்கலாமா?

தங்கமயில்: கூடாது.

நயினார்: எதுவானாலும் நேருக்கு நேரா பேசணும். நான் காது குடுக்க மாட்டேனா? எங்கதவு எப்பவாவது மூடியிருக்கா? சரி, போனது போவட்டும். இப்பவே கேக்குதேன். உனக்கு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?

தங்கமயில்: இருக்கு அத்தான். கல்யாண் கடைய எதுக்கு மூடணும்னு எனக்கு ஒரு காரணம்...

ஆதித்யன்: அண்ணாச்சி, மாலை ஒயர்ல மாட்டிண்டுதா? இருங்க, இழுக்காதீங்க. அது மெயின் லைன்... இழுத்துட்டீங்களே.

தங்கமயில்: அத்தான்?

ஆதித்யன்: பரவால்ல, இங்கயும் அடுத்த லைனுக்குத் தாவிடுத்து. பச்சைதான். பேசுங்க.

தங்கமயில்: அத்தான். வாயத் தொறந்தாப்ல அப்படியே இருக்கிய.

நயினார்: ...

தங்கமயில்: தம்பி, தாராவில லைன் போயிட்டா?

ஆதித்யன்: இல்லையே. நான் பேசறது கேக்கறதோன்னோ?

தங்கமயில்: நல்லாக் கேக்கு. உங்க கையி ஆடுதது தெரியுது. பின்னால ஃபேன் சுத்துது. அத்தான் மட்டும் நிக்காரு.

ஆதித்யன்: அண்ணாச்சி... அண்ணாச்சி, உடம்புக்கு ஏதாவது பண்றதா?

நயினார்: ...

தங்கமயில்: மாலைலருந்து ஒரு ஈ பொறப்பட்டு மூக்கு மேல வந்திருக்கு பாருங்க.

ஆதித்யன்: ஆமா.

தங்கமயில்: ஈ நடக்கு. மூக்கு நடுங்குது. வேற ஒண்ணும் அசையல.

ஆதித்யன்: அண்ணாச்சி, போறும். லைன் போகல. அவங்களுக்கு எல்லாம் தெரியறது.

நயினார்: ...எம்புட்டு நேரமாத் தெரியுது?

தங்கமயில்: மொதல்லருந்தே.

நயினார்: சரி. ஈய ஓட்டிக்கிடுதேன்.

தங்கமயில்: ஓட்டுங்க.

நயினார்: நல்ல டப்பாதான் தம்பி. ரொம்ப நல்ல டப்பா. இதுக்கு நிப்பாட்டுத சுவிச்சு எங்க இருக்கு?

ஆதித்யன்: நிக்காம இருக்கத்தான் அண்ணாச்சி இத வாங்கறா.

தங்கமயில்: அத்தான், இத்தன வருஷமும் இப்படித்தானா? நான் வாயத் தொறக்கும்போதெல்லாம் தாராவில போனது இந்த ஒயருதானா?

நயினார்: தம்பி, நீ போயி வாசல்ல ஒரு டீ குடிச்சுட்டு வா.

ஆதித்யன்: ட்ரையல் முடியற வரைக்கும் டப்பாவ விட்டு நகரக் கூடாது. கம்பெனி ரூல்.

நயினார்: டீக்குக் கூடவா?

ஆதித்யன்: டீக்குத்தான் முக்கியமா.

தங்கமயில்: அச்சாணி வாய்மைன்னீங்களே.

நயினார்: அது உரைக்கு எழுதுனது மயிலு. நீ நெனைக்கிற மாதிரி ஒன்ன மட்டும் மதிக்காம இல்ல. செம்பூர் உமாமகேஸ்வரி கேட்டாலும் புடுங்குவேன். இசக்கிராஜு கேட்டாலும் புடுங்குவேன். எல்லாரையும் சமமாத்தான் நடத்தியிருக்கேன்.

தங்கமயில்: எதுக்கு அத்தான்?

நயினார்: கேள்வின்னு ஒண்ணு வந்தா பதில் வேணும்லா.

தங்கமயில்: ஆமா.

நயினார்: பதில் மாடில இருக்கு.

தங்கமயில்: மாடிலயா? மாடில நம்ம வீடுல்லா இருக்கு.

நயினார்: அங்கதான் உங்க அக்கா இருக்கா.

தங்கமயில்: அக்காகிட்டயா கேட்டுச் சொல்லுவிய?

நயினார்: சிரிக்கணும்னா சிரிச்சுக்க. லைன் போச்சுன்னா மாடிக்கு ஏறுவேன். பேராச்சி, செம்பூர்ல லீவு கேக்கா, குடுக்கவா, தாணேல ஏசி கேக்கான், போடவான்னு கேப்பேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லுவா. மறுநாளு காலைல நான் அறிவிப்பேன். குழுமம் இப்படித்தான் நடக்கு. ஒரு குறையுமில்லாம நடக்கு. உன் தோசமாவு வியாபாரம் ஆரம்பிக்கணும்னு நான் அறிவிச்சேன்லா, அது அவ சொன்னது.

தங்கமயில்: அப்போ கல்யாண் கடைய மூடச் சொன்னது அக்காவா?

நயினார்: அதுதான் இல்ல.

தங்கமயில்: பெறவு?

நயினார்: அன்னைக்கு உரை நல்லா வந்துட்டு. சில நாளு அப்படி வரும். ஒழுக்கம்ங்கிற தலைப்பு. ஒரு எடுத்துக்காட்டு தேவப்பட்டுது. 'தலைமையோடு இணையாத கிளை எதற்கு, மூடிவிடுவேன்'னு ஒரு வேகத்துல வந்துட்டு. நானாச் சொன்ன அறிவிப்பு இது ஒண்ணுதான் மயிலு. இன்னும் அவளுக்குத் தெரியாது.

தங்கமயில்: ஒரு எடுத்துக்காட்டுக்காக என் கடையவா?

நயினார்: சொன்ன பெறவுதான் யோசிச்சேன். நீ ஏன்னு கேட்டா நான் மாடிக்கு ஏறணும். ஏறுனா, யாரக் கேட்டு மூடுதியன்னு அவ கேப்பா. அதுக்குப் பதில் எந்த மாடில இருக்கு?

ஆதித்யன்: அதுக்குத்தான் இந்த வாரம் பூராப் பிடுங்கினீங்களா?

நயினார்: ட்ரையலுக்கு ஏன் சரின்னேன்னு நெனைக்க? டப்பா ஓடிட்டா, லைன் சரியாயிட்டு, அறிவிப்ப வாபஸ் வாங்குதேன்னு கௌரவமாச் சொல்லிரலாம்லா. காலைலருந்து பிள்ளையார வேண்டிக்கிட்டு நிக்கேன், கல்யாண் லைன் போயிரக் கூடாதுன்னு. நீ என்னடான்னா ரெண்டு ஒயரயும் புடுங்குத.

தங்கமயில்: எனக்கு எப்படித் தெரியும், நீங்க கடைக்காக வேண்டிக்கிட்டு இருக்கியன்னு?

நயினார்: கேட்டிருக்கலாம்லா.

தங்கமயில்: கேட்டா லைன் போயிருமே.

ஆதித்யன்: நான் ஒண்ணு சொல்லலாமா? ட்ரையல் பாஸ். அந்தப் பக்கமும் பிடுங்கியாச்சு, இந்தப் பக்கமும் பிடுங்கியாச்சு. பில் ஒண்ணு கூட நிக்கல, பேச்சும் நிக்கல. எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு மோசமா யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல.

நயினார்: அப்போ அறிவிச்சிரலாமா?

ஆதித்யன்: தாராளமா.

நயினார்: ம்... கிளைப் பொறுப்பாளர்களே. புதிய தொழில்நுட்பத்தின் வெற்றியைக் கருத்தில் கொண்டு, கல்யாண் கிளை தொடர்ந்து அதே இடத்தில் இயங்கும் எனத் தலைமை முடிவு செய்துள்ளது.

தங்கமயில்: எங்க அத்தான்னா அத்தான்தான். பொறுப்பு?

நயினார்: பொறுப்பு திருமதி தங்கமயிலே.

தங்கமயில்: காலைக் கூட்டம்?

நயினார்: அது... அது கொஞ்சம் மாடிக்குப் போயி... இன்னைக்குப் பாத்து மாட்டுங்கா கோயிலுக்குன்னு விடியுமுன்ன கெளம்பிட்டா. வரட்டும், கேட்டுச் சொல்லுதேன்.

தங்கமயில்: லைன் போகாதே அத்தான். இப்பவே சொல்லணும்.

நயினார்: ...மத்தியானத்துக்கு மாத்தியாச்சு. சனம் குறைஞ்ச பெறவு. தலைப்பும் பத்து வேண்டாம், மூணு போதும். இதுவும் நானாச் சொல்லுததுதான். போதுமா?

தங்கமயில்: மனசு நெறஞ்சுட்டு.

நயினார்: எனக்குந்தான், என்னமோ லேசா இருக்கு. அப்போ ஒரே ஒரு ஒப்பந்தம் மயிலு. நீ ஒயரப் புடுங்குனத நான் மறந்துட்டேன். நான் புடுங்குனது, அந்த ஈ, மாடி விஷயம்... இதுல ஒரு சொல்லு கூட உங்க அக்கா காதுக்குப் போவக் கூடாது.

தங்கமயில்: இனிமே முடியாது அத்தான். ஒயரப் புடுங்குனாலும் பேசுதது கேக்கும்னு தம்பி நேத்தே வெளக்கிட்டாப்ல, தெரிஞ்சுதான் புடுங்குனேன். செல்வி இன்னைக்கு லீவு. இம்புட்டு நேரமும் எதிர முறுக்கு டின்னு மேல உக்காந்து சிரிச்சது அக்காதான்... கூட்டத்த மத்தியானம் மாத்துனது சரிதான்னு தலைய ஆட்டுதா, சாப்பாடு இன்னைக்குக் கல்யாண்லதானாம், அடுத்த டிரெயினப் பிடிச்சு வரச் சொல்லுதா.